சுவரேறும் பெண்கள்

மரமேறுகிற பெண்பிள்ளையை, "இறங்கடி கீழே" என்று அதட்டுவது நம் வீடுகளில் வழக்கம். அப்படி ஏறுவதே ஒரு போட்டி விளையாட்டாக வளர்ந்துள்ள நாடுகளில் இந்தோனேசியாவும் ஒன்று. அந்த நாட்டின் கிராமத்துப் பெண் ஒருவரைப் பற்றி இப்பாடத்தில் அறிந்துகொள்வோம்.

ஆரீஸ் சுசாந்தி ரகாயு 1995ஆம் ஆண்டு பிறந்தவர். மத்திய யாவாவிலுள்ள குரோபோகன் மாவட்டம் அவரது ஊர். நெல்லும் சோளமும் விளையும் பகுதி அது. அவர் சிறுமியாயிருந்த காலத்தில் தாய் சவூதி அரேபியாவிற்கு வேலைக்குச் சென்றிருந்தார். அந்தப் பிரிவு எப்படிப்பட்டது என்று எங்கள் வாசகர் பலருக்கு விளக்கத் தேவையில்லை. ஓட்டத்தில் கெட்டிக்காரியான பிள்ளையைச் சுவரேற்றத்தின் பக்கம் திருப்பியவர் பாடசாலை ஆசிரியர் ஒருவர்.

விளையாட்டு இதுதான். 15 மீற்றர் உயரச் சுவர், ஏறக்குறைய ஒரு தென்னை உயரம். அது ஏறுபவரின் பக்கமாகச் சற்றுச் சாய்ந்திருக்கும். கைக்கு 20 பிடிகள், காலுக்கு 11. அவை பொருத்தப்படும் இடங்கள் உலகெங்கும் ஒன்றே. ஆகவே யாவாவில் பழகிய அதே பாதையில்தான் வெளிநாட்டிலும் ஏற வேண்டும். இருவர் அருகருகே ஏறுவர். உச்சியிலுள்ள தகட்டை முதலில் தட்டுபவருக்கே வெற்றி.

விழுந்தால் என்ன? இடுப்புவாரில் கட்டிய கயிறு தாங்கும். வேகப் போட்டிகளில் இப்போது ஒரு கருவியே கயிற்றை இழுத்துக்கொள்கிறது. கயிறு கட்டி ஏறும் மற்றச் சுவரேற்றத்திலும் பழகும் இடங்களிலும் தோழி ஒருத்தி கீழே நின்று கயிற்றைப் பிடிக்கிறாள். கால் நிலத்தைவிட்டு எழுமுன் ஒருவர் முடிச்சை மற்றவர் பார்த்துக்கொள்வார்கள். புதிதாய் வருபவளைச் சற்று உயரம் ஏறவிட்டு, இரண்டு கையையும் விடச் சொல்வதும் உண்டு. அது இலேசான காரியமல்ல! கயிறு தாங்குகிறது, கீழே நிற்பவள் கைவிடமாட்டாள் என்பது உடம்புக்குத் தெரிந்த பிறகே மனப்பயம் குறைகிறது.

2018இல் பலெம்பாங்கில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியின் இறுதிச் சுற்றில் ஆரீசுக்கு எதிராக ஏறியவர், அவருடைய அணியைச் சேர்ந்த புஜி லெஸ்தாரி. ஆரீசுக்குத் தங்கம், புஜிக்கு வெள்ளி. குழுப்போட்டியிலோ இருவரும் ஒரே பக்கம் நின்று தங்கம் வென்றனர். அடுத்த ஆண்டு ஒக்டோபரில் சீனாவின் சியாமென் நகரில் ஆரீஸ் 6.995 செக்கனில் உச்சியைத் தொட்டார். 7 செக்கனுக்குள் ஏறிய முதற் பெண் அவரே. தலையை மறைத்து, நீண்ட கைச்சட்டை அணிந்தே அவர் ஏறினார். உடையைக் காரணம் காட்டிப் பெண்பிள்ளைகளை விளையாட்டிலிருந்து மறிப்போர் இதைக் கவனிக்கலாம்.

2021இல் நடந்த ரோக்கியோ ஒலிம்பிக்கில் மூன்று வகை ஏற்றங்களையும் சேர்த்து ஒரே பதக்கம் வைத்தார்கள். வேகமாக ஏறுவதையே பழகியவர்களுக்கு அது நியாயமாகப் படவில்லை. ஆரீஸ் அங்கு போகவில்லை. 2024இல் பரிஸில் வேகப் போட்டியைத் தனியே பிரித்தபோது போலந்தின் அலெக்சாந்திரா மிரோஸ்லாவ் 6.06 செக்கனில் ஏறிவிட்டார். ஆரீசின் சாதனை நெடுநாள் நிலைக்கவில்லை. ஆனால் 2018 குழுவில் அவரோடு இருந்த ராஜியா சல்சபில்லா பரிஸில் 4ஆம் இடம் பெற்றார். பாலித் தீவின் தேசாக் மாடே ரீத்தா 2023இல் உலக வெற்றியாளரானார்.

மாதர் சங்கக் கூட்டத்தில் பேசுவதற்கு:

நீங்கள் பயந்து பயந்து தொடங்கிய ஒரு வேலையில் உங்களுக்குக் கயிறு பிடித்தவர் யார்? தாய் தூரத்தில் இருக்கும் பிள்ளை எதில் கெட்டிக்காரி என்று உங்கள் ஊரில் யார் கவனிக்கிறார்கள்?