பழைய காதல், இரண்டாம் வாய்ப்பு

கேள்வி: அயர்லாந்துச் சிற்றூரில் பழைய காதலர்கள் மீண்டும் சேர்வதாகக் கதைகள் வருகின்றனவே, நம் பக்கம் அப்படி நடந்ததுண்டா?
— வாசகர், ஜமுனாமரத்தூர், ஜவ்வாது மலை

பதில்: சந்தித்தது உண்டு. சேர்ந்தார்களா என்றால், இல்லை.

1946 டிசம்பரில் இன்றைய கண்ணூர் மாவட்டத்துக் காவும்பாயியில் விவசாயிகள் எழுச்சி நடந்தது. அதில் இறங்கிய ஓர் இளைஞருக்குக் கல்யாணமாகி ஓராண்டுகூட ஆகவில்லை. மனைவிக்கு வயது 13. அந்த இளைஞர் தலைமறைவானார், பிடிபட்டார், சிறை சென்றார். சேலம் சிறையில் 1950 பிப்ரவரி 11 அன்று நடந்த துப்பாக்கிச் சூட்டில் உயிரிழந்த 22 பேரில் அவருடைய தந்தையும் ஒருவர். இதற்கிடையே பெண்ணை வீட்டார் வேறிடத்தில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். விடுதலையானபின் அவரும் மறுமணம் செய்துகொண்டார்.

பெண்ணின் மகனும் இவருடைய உறவினர்களும் தற்செயலாக ஒருவரையொருவர் அறிந்து ஏற்பாடு செய்ய, 2018 டிசம்பரில், 72 ஆண்டுகளுக்குப் பின் இருவரும் சந்தித்தார்கள். அந்த முன்னாள் இளைஞருக்கு வயது தொண்ணூறை ஒட்டியிருந்தது. இருவருமே துணையை இழந்தவர்கள். யார்மீதும் கோபமில்லை என்றாராம் அந்த அம்மாள். அவருடைய மகன் வீட்டில் விருந்து நடந்தது, அவ்வளவுதான். (அதே ஆண்டு வந்த ‘96’ படத்திலும் பழைய காதலர்களான ராமும் ஜானுவும் ஒரே இரவோடு பிரிந்துவிடுகிறார்கள்!)

அயர்லாந்துக்கு வருவோம். அங்கே 1937 அரசியல் சட்டம் விவாகரத்தையே தடுத்தது. 1986 வாக்கெடுப்பில் மாற்றம் தோற்றது, 1995-இல் 50.28 சதவீதத்தில் மயிரிழையில் வென்றது. அதுவரை, மணவாழ்க்கை முறிந்தவருக்குப் பழைய காதலி எதிரே வந்தாலும் சட்டப்படி கைப்பிடிக்க வழியில்லை.

உங்கள் மலையில் நிலைமை வேறு. மலையாளிப் பழங்குடியினரிடையே மணமுறிவும் மறுமணமும் ஊர்ப் பெரியவர்கள் முன்னிலையில் பேசி முடிக்கப்படுவது பழைய வழக்கம். அந்த வகையில் டப்ளினைவிட ஜமுனாமரத்தூர் முந்திக்கொண்டது.