சிப்பி முற்றிவிட்டதா?

தூத்துக்குடி என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது எது? உப்பளமா, துறைமுகமா, மக்ரூனா? இன்று மக்ரூன் என்பவர்களே அதிகம் இருப்பார்கள். உங்கள் பாட்டனாரைக் கேட்டால் முத்து என்பார். பாண்டியர் காலத்துக் கொற்கையும் அதன் பின் வந்த தூத்துக்குடியும் முத்தினால் பெயர் பெற்றவை. தூத்துக்குடிக் கடலில் கடைசியாக முத்துக்குளிப்பு நடைபெற்றது 1961ஆம் ஆண்டில்.

ஆனால் இக்கட்டுரை முத்தைப் பற்றியதன்று, கணிப்பொறியைப் பற்றியது. 2025 ஆகஸ்ட் 9ஆம் நாள் டெபியன் 13 என்னும் லினக்ஸ் வெளியீடு வந்தது. அது எப்படி உருவாயிற்று, அதைப் பயன்படுத்துவோர் என்ன சொன்னார்கள் என்று பார்க்கப் போகிறோம். பின் முத்து எதற்கு என்கிறீர்களா? முத்துக்குளிப்பில் பழைய நடைமுறை ஒன்று இருந்தது. அதை அறிந்துகொண்டால் மற்றவை எளிதில் விளங்கும்.

மன்னார் வளைகுடாவின் அடியில் உள்ள பாறைத் திட்டுகளில் முத்துச்சிப்பிகள் ஒட்டிக்கொண்டு வளர்கின்றன. இத்திட்டுகளுக்குப் 'பார்' என்று பெயர். நினைத்த நாளில் படகெடுத்துப் போய்ச் சிப்பி அள்ளிவிட முடியாது. முதலில் அரசு அலுவலர்கள் குளியாளர்களுடன் சென்று பாரைச் சோதிப்பார்கள். பிறகு சில ஆயிரம் சிப்பிகளை மாதிரிக்காக எடுத்து வருவார்கள். அவற்றை அழுகவிட்டு, கழுவி, கிடைத்த முத்துகளைத் துளையிட்ட பித்தளைத் தட்டுகளில் சலித்து, அளவுவாரியாகப் பிரித்து மதிப்பிடுவார்கள். மதிப்புத் தேறினால்தான் முத்துக்குளிப்புக்கு நாள் குறிக்கப்படும்.

இங்கே முக்கியமானது சிப்பியின் வயது. இளஞ்சிப்பியை எடுத்தால் உள்ளே கடுகுபோல் முத்து இருக்கும். சிப்பியும் வீண், உழைப்பும் வீண். ஏறத்தாழ நான்கு வயதான சிப்பியில்தான் நல்ல முத்தை எதிர்பார்க்கலாம். அப்படியானால் இன்னும் சில ஆண்டுகள் விட்டுவைத்தால் இன்னும் பெரிய முத்துக் கிடைக்குமே என்று தோன்றுகிறதன்றோ? அதுவும் நடவாது. சிப்பி மூப்படைந்து இறந்துவிடும். இல்லையேல் திருக்கை போன்ற மீன்கள் தின்றுவிடும். முத்து கடலோடு போய்விடும். முந்தினாலும் நட்டம், பிந்தினாலும் நட்டம். இதை நினைவில் வைத்துக்கொண்டு கணிப்பொறிக்கு வருவோம்.

வெளியீடு என்பது யாது?

1991ஆம் ஆண்டில் பின்லாந்து நாட்டு மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய நிரலே லினக்ஸ். உண்மையில் அது ஓர் இயக்க அமைப்பின் மையப் பகுதி மட்டுமே, கெர்னல் என்பார்கள். கப்பலுக்கு எந்திரம் போன்றது அது. எந்திரத்தை மட்டும் வைத்துக்கொண்டு கடலில் போக முடியுமா? கடிதம் எழுதும் மென்பொருள், படம் வரையும் மென்பொருள், எழுத்துருக்கள், அச்சுப்பொறியை இயக்கும் நிரல் என எத்தனையோ வேண்டும். இவற்றையெல்லாம் ஒன்றோடொன்று பொருந்துமாறு கட்டித் தருவதே லினக்ஸ் வெளியீடு ஆகும்.

அத்தகைய வெளியீடுகளுள் மூத்த ஒன்று டெபியன். 1993இல் இயன் மர்டாக் என்பவர் தொடங்கினார். தம் பெயரையும் பிற்காலத்தில் தம் மனைவியான டெப்ராவின் பெயரையும் சேர்த்து அவர் வைத்த பெயர் அது. உலகெங்கும் உள்ள தொண்டர்கள் இதை உருவாக்குகிறார்கள். மூல நிரல் யாவருக்கும் திறந்தது. எவரும் படிக்கலாம், திருத்தலாம், பகிரலாம்.

உங்களுக்கு இதனோடு என்ன தொடர்பு? சி-டாக் நிறுவனத்தின் சென்னை மையம் உருவாக்கிய பாஸ் லினக்ஸ், டெபியனை அடிப்படையாகக் கொண்டது. 2011இல் தமிழ்நாட்டு அரசு மாணவர்க்கு மடிக்கணிப்பொறி வழங்கத் தொடங்கியபோது, அவற்றில் விண்டோசுடன் பாஸ் லினக்சும் இருந்தது. உங்கள் அண்ணனோ அக்காவோ அப்படி ஒரு பொறியை வாங்கியிருக்கலாம். லினக்ஸ் பக்கத்தைத் திறந்தே பார்க்காமல் விட்டவர்களும் அவர்களுள் உண்டு!

மூன்று படிகள்

டெபியனில் ஒரு மென்பொருளின் புதிய பதிப்பு நேராகப் பயனாளரிடம் போய்ச் சேர்வதில்லை. முதலில் 'நிலையற்றது' என்னும் பிரிவில் வைக்கப்படும். சில நாள்கள் வரை பெரிய பிழை எதுவும் தெரியவராவிட்டால் 'சோதனை' என்னும் பிரிவுக்கு நகரும். அங்கே மாதக்கணக்கில், சில வேளை ஆண்டுக்கணக்கில் கிடந்து பழகிய பிறகே 'நிலையானது' என்று வெளியிடப்படும்.

டெபியன் பதிப்புகளுக்கு 'டாய் ஸ்டோரி' என்னும் திரைப்படத்தின் பாத்திரங்களைப் பெயராக வைக்கிறார்கள். 13ஆம் பதிப்பின் பெயர் டிரிக்சி. அது ஒரு டைனோசர் பொம்மை. நிலையற்ற பிரிவுக்கு மட்டும் என்றும் மாறாத பெயர் ஒன்று உண்டு: சிட். அந்தப் படத்தில் பொம்மைகளை உடைத்து விளையாடும் சிறுவன் அவன்தான். பொருத்தமான பெயர்!

வெளியிடும் காலம் நெருங்கும்போது 'உறைநிலை' அறிவிக்கப்படும். துறைமுகத்தில் கப்பல் புறப்படுவதற்கு முன் ஒரு கெடு வைப்பார்களே, அதன் பின் வரும் சரக்கை ஏற்றமாட்டார்களே, அதுபோலத்தான். புதிய பதிப்புகளுக்குக் கதவு சாத்தப்படும். பிழை திருத்தம் மட்டும் உள்ளே போகலாம். டிரிக்சிக்கு 2025 மார்ச்சில் உறைநிலை தொடங்கிப் படிப்படியாக இறுகியது.

தெரியவரும் பிழை ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரப்படுகிறது. இதுவரை தரப்பட்ட எண்கள் பத்து லட்சத்தைத் தாண்டிவிட்டன. முத்தைச் சலிப்பதுபோல் பிழைகளையும் சலித்துத் தரம் பிரிக்கிறார்கள். கோப்புகளை அழித்துவிடும் பிழை ஒரு தட்டில். பொத்தானின் நிறம் சரியில்லை என்பது வேறொரு தட்டில். முதல் தட்டில் உள்ளவற்றைக் கூடியவரை தீர்த்த பிறகே வெளியீடு. இவற்றை மறைப்பதும் இல்லை. 'குறைகளை மறைக்கமாட்டோம்' என்பது 1997 முதல் டெபியன் தன் பயனாளருக்குக் கொடுத்துள்ள உறுதிமொழிகளுள் ஒன்று.

ஆனால் சிப்பியை அளவுக்கு மேல் விட்டுவைத்த கதையும் டெபியனில் உண்டு. 2002 ஜூலையில் ஒரு பதிப்பு வந்தது. அடுத்தது வந்தது 2005 ஜூனில். ஏறக்குறைய மூன்று ஆண்டுகள்! கணிப்பொறி உலகில் இது நெடுங்காலம். பயனாளர்கள் பொறுமை இழந்தார்கள். அந்த இடைவெளியில், 2004 அக்டோபரில், டெபியனையே அடிப்படையாகக் கொண்டு உபுண்டு பிறந்தது. ஆறு மாதத்துக்கு ஒரு பதிப்பு என்று அது நாள் குறித்து வெளியிட்டது. மக்கள் கூட்டமாக அங்கே போனார்கள். இன்று டெபியன் இரண்டாண்டுக்கு ஒன்று என்ற கணக்கை ஒட்டி நடக்கிறது. டிரிக்சிக்குப் பிடித்தது இரண்டு ஆண்டு இரண்டு மாதம்.

பயனாளர்கள் சொன்னது என்ன?

டிரிக்சியில் ஏறத்தாழ 70,000 மென்பொருள் பொதிகள் உள்ளன. ஐந்து ஆண்டுகளுக்குத் திருத்தங்கள் கிடைக்கும். சிக்கலின்றி நிறுவ முடிந்தது என்று மகிழ்ந்தவர் பலர். அதைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முணுமுணுப்புகள்தாம் நமக்குப் பாடம்.

சிறிய முணுமுணுப்பு ஒன்று: தற்காலிகக் கோப்புகள் இதுவரை வட்டில் எழுதப்பட்டன. டிரிக்சியில் அவை நினைவகத்தில் வைக்கப்படுகின்றன; நினைவகத்தில் பாதி வரை அவை இடம் பிடிக்கலாம். வேகம் கூடும் என்பது மெய்தான். நினைவகம் குறைந்த பொறி வைத்திருப்பவருக்கோ கவலை. அமைப்பை மாற்றிப் பழையபடி வைத்துக்கொள்ள வழி இருப்பதால் இது பெரிதாகவில்லை.

பெரிய முணுமுணுப்பு வேறு. 32 பிட் இன்டெல் வகைப் பொறிகளில் டிரிக்சியை நிறுவ முடியாது. அவற்றுக்கான கெர்னலும் இல்லை, நிறுவும் வட்டும் இல்லை. அப்பொறிகளை வைத்திருப்போர் டிரிக்சிக்கு மாற வேண்டாம் என்றும், இயலுமானால் 64 பிட் முறையில் புதிதாக நிறுவிக்கொள்ளலாம் அல்லது பொறிக்கு ஓய்வு கொடுத்துவிடலாம் என்றும் டெபியன் அறிவுரை கூறியது. 'ஓய்வு கொடுங்கள்' என்று சொல்வது எளிது. பழைய பொறியையே நம்பியிருக்கும் சிற்றூர்ப் பள்ளிக்கோ படகுத் துறையில் கணக்கு எழுதும் சிறு கடைக்கோ அது அவ்வளவு எளிதன்று. அவர்கள் முந்திய பதிப்பான டெபியன் 12இல் நீடிக்கலாம். அதற்கு 2028 ஜூன் வரை திருத்தங்கள் வழங்கத் திட்டம் உள்ளது.

ஏன் இப்படிச் செய்தார்கள்? பழைய பொறிகள் குறைந்துவிட்டன. சோதித்துப் பார்ப்பவரும் அருகிவிட்டனர். மாதிரி எடுக்க ஆளில்லாத பாரில் முத்துக்குளிப்புக்கு நாள் குறிப்பது எப்படி? இதனோடு 'நேரம்' பற்றிய ஒரு சிக்கலும் சேர்ந்துகொண்டது. அதைச் சற்று விரிவாகப் பார்ப்போம்.

லினக்ஸ் அமைப்பு நேரத்தை நொடிகளாக எண்ணுகிறது. 1970 ஜனவரி 1 நள்ளிரவு, கிரீன்விச் நேரப்படி, எண்ணிக்கை சுழியம். அன்று முதல் ஒரு நொடிக்கு ஒன்று கூட்டிக்கொண்டே வருகிறது. பழைய முறையில் இந்த எண்ணுக்கு 32 பிட் இடம் ஒதுக்கினார்கள். கூட்டலா கழித்தலா என்று காட்ட ஒரு பிட் போய்விட்டால் மிச்சம் 31. ஆகவே எழுதக்கூடிய மிகப் பெரிய எண் 214,74,83,647. இதை ஒரு நாளின் நொடிகளான 86,400ஆல் வகுத்துப் பாருங்கள். 24,855 நாளுக்குச் சற்று மேல் வரும். அதாவது 68 ஆண்டு.

1970உடன் 68ஐக் கூட்டினால் 2038. அவ்வாண்டு ஜனவரி 19, செவ்வாய்க்கிழமை, இந்திய நேரம் காலை 8 மணி 44 நிமிடம் 7 நொடிக்கு அந்த எண் நிரம்பிவிடும். அடுத்த நொடியில் எண் கழித்தல் பக்கம் புரண்டு, பொறி தன்னை 1901 டிசம்பரில் இருப்பதாக நினைத்துக்கொள்ளும்! துறைமுகத்தில் சரக்கு வந்த தேதியைக் கணக்கிடும் பொறி ஒன்று அவ்வாறு நினைத்தால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

இதற்குத் தீர்வு, நேரத்துக்கு 64 பிட் இடம் ஒதுக்குவது. அப்போது எண் நிரம்பப் பல்லாயிரம் கோடி ஆண்டுகள் ஆகும். 64 பிட் பொறிகளில் இது முன்பே சரியாக உள்ளது. செல்பேசி, சிறு கருவிகளில் உள்ள 32 பிட் ஆர்ம் வகைச் சில்லுகளுக்காக டெபியன் தொண்டர்கள் 2024இல் இந்த மாற்றத்தைச் செய்தார்கள். நூற்றுக்கணக்கான நிரல் நூலகங்களை ஒரே சமயத்தில் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று. 32 பிட் இன்டெல் வகையை மட்டும் தொடவில்லை. அதை இன்னும் வைத்திருப்பதே முன்பு எழுதிய பழைய மென்பொருள்களை ஓட்டுவதற்காக; நேரத்தின் அளவை மாற்றினால் அவை ஓடாமல் போகும். என் கருத்தில் இது நேர்மையான முடிவு. ஆனால் அதன் விலையைக் கொடுப்பவர் பழைய பொறி வைத்திருப்பவரே என்பதையும் மறக்கலாகாது.

பயனாளர் சொன்னால் முடிவு மாறுமா? மாறியதுண்டு. 2019 ஜூனில் உபுண்டுவை வெளியிடும் நிறுவனம், 32 பிட் மென்பொருள் பொதிகளை அடுத்த பதிப்பிலிருந்து முற்றிலும் நீக்கப்போவதாக அறிவித்தது. பழைய விளையாட்டுகளும், விண்டோஸ் மென்பொருள்களை ஓட்டும் வைன் போன்றவையும் அவற்றை நம்பியிருந்தன. 'இன்னின்ன மென்பொருள் நின்றுபோகும்' என்று பயனாளர்கள் எடுத்துக் காட்டினார்கள். ஒரு வாரத்துக்குள் நிறுவனம் முடிவை மாற்றி, தேவையான பொதிகளை வைத்துக்கொண்டது. 'பிடிக்கவில்லை' என்று மட்டும் ஆயிரம் பேர் எழுதியிருந்தால் அது வெறுஞ்சிப்பிதான்.

நீங்கள் செய்து பார்க்க

தமிழ் படிக்கத் தெரிந்தவர் மட்டுமே கண்டுபிடிக்கக்கூடிய பிழைகள் சில உண்டு. 'கொ' என்று எழுதும்போது கணிப்பொறி முதலில் 'க'வைச் சேமிக்கிறது. பிறகு ஒகரக் குறியைச் சேமிக்கிறது. திரையில் காட்டும்போதோ அக்குறியை இரண்டாகப் பிரித்து, கொம்பை முன்னாலும் காலைப் பின்னாலும் வைக்க வேண்டும். இந்த வேலையைச் செய்யும் நிரல் தடுமாறினால் எழுத்துச் சிதறி, நடுவே புள்ளிகளால் ஆன வட்டம் ஒன்று தோன்றும். ஓர் ஆங்கிலேயரோ ஜப்பானியரோ இதைப் பார்த்தாலும் பிழை என்று அறியமாட்டார்.

உங்கள் பள்ளியில் லினக்ஸ் பொறி இருந்தால் ஆசிரியரின் இசைவு பெற்று இந்தச் சொற்களைத் தட்டச்சு செய்யுங்கள்: கொற்கை, தூத்துக்குடி, சௌக்கியம், ஸ்ரீவைகுண்டம், லக்ஷ்மி. கடிதம் எழுதும் மென்பொருளில் ஒருமுறை, கோப்பின் பெயராக ஒருமுறை, அச்சிட்டு ஒருமுறை பாருங்கள். திரையில் சரியாக இருந்து தாளில் உடைவதும் உண்டு. ஏதேனும் உடைந்தால் குறிப்பேட்டில் ஐந்து செய்திகளை எழுதிக்கொள்ளுங்கள். எந்த இயக்க அமைப்பு, எத்தனையாவது பதிப்பு, நீங்கள் செய்தது என்ன, எதிர்பார்த்தது என்ன, நடந்தது என்ன. பொறி 32 பிட்டா 64 பிட்டா என்பதையும் ஓரத்தில் குறித்துவையுங்கள். இரண்டாம் முறை செய்தாலும் அதே பிழை வருகிறதா என்று பார்த்த பிறகு, ஆசிரியர் உதவியுடன் அந்த மென்பொருளை உருவாக்குவோருக்கு அனுப்புங்கள். அது டெபியனாக இருந்தால், உங்கள் பிழைக்கும் ஓர் எண் வரும்.