பெருமழையும் வறட்சியும்

சென்னைத் துறைமுகத்திற்கு வடக்கே, இராயபுரம், தண்டையார்ப்பேட்டை, திருவொற்றியூர், எண்ணூர் என்னும் ஊர்கள் கடற்கரையை ஒட்டி நீண்டு கிடக்கின்றன. ஒருபால் மீனவர் குடியிருப்புகள். மற்றொருபால் ஆலைகளும் அனல்மின் நிலையங்களும் எண்ணெய்க் கிடங்குகளும். இப்பகுதி மக்களைத் தண்ணீர் இரு வகையாக வருத்துகிறது. கார்த்திகையில் அது வீட்டுக்குள் புகுந்து நிற்கும். சித்திரையில் குழாயடியில் குடங்கள் வரிசையாகக் காத்திருக்கும். இவை வெவ்வேறு துன்பங்கள் என்றே பலரும் எண்ணுகின்றனர். ஆனால், இரண்டிற்கும் வேர் ஒன்றே.

சென்னையில் ஓராண்டில் பெய்யும் மழை ஏறத்தாழ 140 சென்டிமீட்டர். அதில் பாதிக்கு மேற்பட்டது வடகிழக்குப் பருவக்காற்றால் ஐப்பசி, கார்த்திகை மாதங்களை ஒட்டிக் கிடைப்பது. எனவே சில வாரங்களில் வருவதைக் கொண்டே ஆண்டு முழுதும் வாழவேண்டும். இவ்வுண்மையை அறிந்தே நம் முன்னோர் ஊர்தோறும் ஏரி வெட்டினர். ஓர் ஏரி நிரம்பினால் அதன் மிகுநீர் கலங்கல் வழியே அடுத்த ஏரிக்குச் சென்றது. வெள்ளத்தைத் தாங்கியதும் அவ்வேரியே. கோடையில் கிணறுகளை ஊறச் செய்ததும் அதுவே. அவ்வேரியைத் தூர்த்து மனையாக்கினால் என்ன ஆகும்? மழைக்காலத்தில் மனை ஏரியாகிறது; கோடையிலோ கிணறு வறண்டுவிடுகிறது.

நகரம் பெருகியபோது அதன் நீர்வேட்கையும் பெருகிற்று. 1772இல் அமைக்கப்பட்ட ஏழு கிணறுகள் கோட்டைக்கு நீர் தந்தன. அவ்விடம் இன்றும் ஏழு கிணறு என்றே வழங்குகிறது. பின்னர்ப் புழல் ஏரி பயன்பட்டது. கொசத்தலையாற்றின் குறுக்கே பூண்டி நீர்த்தேக்கம் 1944இல் கட்டி முடிக்கப்பட்டது. அதற்குச் சென்னை மேயராக விளங்கிய சத்தியமூர்த்தியின் பெயர் இடப்பட்டுள்ளது. இவையும் போதாவாயின. மீஞ்சூர்ப் பக்கத்தில் ஆழ்குழாய்களால் நிலத்தடி நீர் அளவின்றி இறைக்கப்பட்டது. நன்னீர் தாழவே, கடல்நீர் நிலத்தின் அடியில் உள்நோக்கிப் பரவிற்று. கிணறுகள் உவர்த்தன, உழவர் சிலர் பயிரை மாற்றினர், சிலர் உழவையே விட்டனர். அப்பகுதியை அடுத்த காட்டுப்பள்ளியிலேயே கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 10 கோடி லிட்டர் குடிநீர் ஆக்கும் திறனுள்ள ஆலை 2010இல் திறக்கப்பட்டது என்பது எண்ணத்தக்கது.

இனி, நீர்த்தேக்கத்தைக் காப்போரது இக்கட்டைக் காண்போம். கோடையை எண்ணினால் தேக்கத்தை நிரப்பி வைக்கவேண்டும். புயலை எண்ணினால் அதில் இடம் விட்டு வைக்கவேண்டும். 2019ஆம் ஆண்டு கோடையில் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் ஆகிய நான்கும் ஏறத்தாழ வற்றிப்போயின. சோலையார்ப்பேட்டையிலிருந்து புகைவண்டியில் நீர் கொணர நேர்ந்தது. அத்தகைய கோடையைக் கண்டவர் ஒரு சொட்டையும் விடத் துணியார். ஆனால், 2021 நவம்பரில் பூண்டி நிரம்பித் திறக்கப்பட்டபோது, ஆற்றின் கீழ்ப்பகுதியிலுள்ள மணலி புதுநகரில் வெள்ளம் புகுந்தது. தேக்கிய நீரை நகரம் முழுதும் பருகுகிறது. மிகுந்த நீரையோ ஆற்றின் கடைக்கோடியில் வாழ்வோர் தம் வீடுகளில் ஏற்கின்றனர். இது நேர்மையான பங்கீடு ஆகாது. மதகு திறக்கும் செய்தி அவர்களுக்கு முற்கூட்டியே, ஐயமறத் தெரிதல் முதற்கடன்.

கொசத்தலையாறு கடலொடு கலக்குமிடம் எண்ணூர்க் கழிமுகம். வெள்ளம் பரவி ஓய்வதற்கு இயற்கை வைத்த முற்றம் அது எனலாம். அலையாத்தி மரங்களும் உப்பளங்களும் இறாலும் நண்டும் நிறைந்திருந்த அந்நீர்ப்பரப்பில், அனல்மின் நிலையத்துச் சாம்பல் படிந்து ஆழம் குறைந்தது. சதுப்பின் சில பகுதிகள் மண்ணிட்டு உயர்த்தப்பட்டன. முற்றத்தை அடைத்தால் நீர் வீட்டுக்குள் வருமன்றோ? 2023 டிசம்பரில் மிக்சாம் புயல் மழையின்போது, மணலிப் பகுதியிலிருந்து எண்ணெயும் வெள்ளத்தோடு கலந்து வந்தது. வீட்டுச் சுவர்களில் கறை ஏறிற்று. வலைகளும் படகுகளும் பாழாயின. மீனவர்களே படகில் சென்று எண்ணெயை அள்ளினர். வெள்ளம் வடிந்த பின்னரும் பல நாள் அவர்கள் தொழிலின்றி இருந்தனர்.

ஆசிய வளர்ச்சி வங்கி 2021இல் அளித்த கடனுதவியுடன் கொசத்தலையாற்றுப் படுகையில் மழைநீர் வடிகால்கள் அமைக்கப்படலாயின. வடிகால் வேண்டுவதே. ஆயினும் பெய்த நீரையெல்லாம் விரைந்து கடலுக்கு அனுப்பிவிட்டு, கடல்நீரையே மீண்டும் பெரும்பொருட் செலவில் நன்னீராக்கிப் பருகுதல் எவ்வாறு பொருந்தும்? வடிகாலிலேயே நீரை மண்ணுக்குள் இறக்கும் குழிகளை அமைத்தல் இதற்கு ஒரு வழி. 2003இல் தமிழ்நாட்டில் எல்லாக் கட்டடங்களுக்கும் மழைநீர் சேகரிப்புக் கட்டாயமாக்கப்பட்டதும் இந்நோக்கம் பற்றியே. அவ்வாண்டுகளில் அமைத்த குழிகள் பலவற்றில் இன்று மண் அடைந்து கிடக்கிறது; அவற்றைத் தூர் வாருவதற்கு உரிய காலம் ஆடி, ஆவணி மாதங்களே.