பழைய புல்லட் எஞ்சினை எவ்வளவு பளபளப்பாக்கலாம்?

கேள்வி: அப்பா ஓட்டிய என்ஃபீல்டு புல்லட் 350, 1970களில் வாங்கியது. பல வருஷம் கொட்டகையில் கிடந்து இப்போதுதான் ஓடுகிறது. எஞ்சின் முழுக்க ஆயில் பிசுக்கு, செம்மண், வெள்ளைத் திட்டுகள். 'காஸ்டிக்கில் கழுவி, எல்லாவற்றையும் பஃபிங் செய்து, பேரலுக்கு சில்வர் பெயின்ட் அடித்துவிடலாம்' என்கிறார் மெக்கானிக். செய்யலாமா?
– வாசகர், திருமங்கலம்

பதில்: காஸ்டிக் சோடா வேண்டவே வேண்டாம். இரும்பில் ஒட்டிய கிரீஸை அது எடுக்கும். அலுமினியத்தை அரித்துக் கறுக்க வைத்துவிடும். உங்கள் வண்டியில் சிலிண்டர் பேரல்தான் வார்ப்பிரும்பு. ஹெட், கிராங்க்கேஸ், பக்கக் கவர்கள் எல்லாம் அலுமினியம். புளி போட்டுத் தேய்க்கும் யோசனையையும் விட்டுவிடுங்கள். நம் வீட்டுப் புளியில் உப்பு இருக்கும். உப்பு பட்டால் அலுமினியத்தில் புள்ளி புள்ளியாகக் குழி விழும். மதுரைப் பக்கத்து உப்புத் தண்ணீரில் கழுவித் துடைக்காமல் விட்டாலும் வெள்ளைத் திட்டு வரும்.

எஞ்சின் நன்றாக ஆறியிருக்கட்டும். கார்புரேட்டர் வாய், சைலன்சர் முனை, பாயிண்ட் கவர் மூன்றையும் பாலிதீனால் கட்டிவிட்டு, டீசலோ மண்ணெண்ணெயோ தொட்டு பெயின்ட் பிரஷ்ஷால் தேய்த்து ஊறவிடுங்கள். ஃபின்களின் இடுக்கில் இறுகிய மண்ணை மூங்கில் குச்சியால் சுரண்டலாம், ஸ்க்ரூடிரைவர் வேண்டாம். பிறகு பனியன் வேஸ்டால் துடைத்து, முழுக்கக் காய்ந்தபின் ஸ்டார்ட் செய்யுங்கள். வாட்டர் சர்வீஸில் வேகமாக அடிக்கும் தண்ணீர் சீல்களுக்குள்ளும் பாயிண்டுக்குள்ளும் புகுந்துவிடும்.

மெருகேற்றும் முன் கசிவைக் கண்டுபிடியுங்கள். துடைத்த எஞ்சினில் முகப்பவுடரைத் தூவிக் கொஞ்ச தூரம் ஓட்டினால், ஆயில் கசியும் இடத்தில் பவுடர் நனைந்திருக்கும். அதை அடைக்காமல் பாலிஷ் போடுவது வீண் செலவு.

திருவொற்றியூர் ஆலையிலிருந்து வந்தபோதே பக்கக் கவர்கள்தான் மினுங்கின. கிராங்க்கேஸ் வார்ப்பின் சொரசொரப்போடு மங்கலாக இருந்தது. அந்த வேறுபாடு இருந்தால்தான் அது பழைய புல்லட். எல்லாவற்றையும் பஃபிங் சக்கரத்தில் கொடுத்தால் விளிம்புகள் மழுங்கும், வார்த்த எழுத்துகள் தேயும். கேஸ்கெட் உட்காரும் முகம் தேய்ந்தால் புதிதாகக் கசிவும் தொடங்கும். தேய்ப்புத் துகள் எஞ்சினுக்குள் போகாமலிருக்க, கவர்களைக் கழற்றி வைத்துக் கையாலேயே செய்யுங்கள். 600, 1000, 1500 என்று வாட்டர் பேப்பரைத் தண்ணீர் தொட்டு வரிசையாகத் தேய்த்து, கடைசியில் மெட்டல் பாலிஷும் மெழுகும் போடுங்கள். பொறுமை வேண்டிய வேலைதான், ஆனால் அந்த மினுக்கம் இயல்பாக இருக்கும்.

பேரலுக்குப் பெயின்ட் அவசியம், இல்லாவிட்டால் துருப்பிடிக்கும். சாதாரண சில்வர் பெயின்ட் சூட்டில் உரிந்து விழும். துருவைக் கம்பி பிரஷ்ஷால் எடுத்துவிட்டு, சூடு தாங்கும் பெயின்டை மெல்லிசாக அடிக்கச் சொல்லுங்கள். தடிமனாக அடித்தால் ஃபின்கள் சூட்டைச் சரியாக வெளியேற்றாது. காற்றால் மட்டுமே ஆறும் எஞ்சினுக்கு, நம் சித்திரை வெயிலில் அது நல்லதல்ல.

கவர்கள் உட்பட எதிலும் பஃபிங் சக்கரம் வைக்கக் கூடாது என்று, வண்டியை விடும்போதே மெக்கானிக்கிடம் கண்டிப்பாகச் சொல்லிவிடுங்கள்.