மீற்றர் பொய் சொல்வதில்லை

நம்பிக்கை: "கிட்ட வைச்சுப் படம் எடுக்கேக்க லைட் மீற்றர் பொய் சொல்லும்."

திருகோணமலையில் கமரா பழகும் பிள்ளைகள் வாயிலிருந்து இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது. போன மாதமும் ஒரு தம்பி வந்தார். கறுப்பு வெல்வெற் துணியில் மூன்று சென்ரிமீற்றர் சோழி ஒன்றை வைத்து, பக்கத்தில் பிளாஷ் வைத்து எடுத்த படம். சோழியின் முதுகில் ஒரு மினுக்கம் தெரிந்தது, மற்றதெல்லாம் இருட்டு. "மீற்றர் எஃப் 16 எண்டுது அண்ணை, நானும் 16தான் வைச்சனான்."

உண்மை: மீற்றர் சொன்னது சரி. சோழியின் மேல் எவ்வளவு வெளிச்சம் விழுந்ததோ அதைத்தான் அது அளந்தது. வெளிச்சம் குறைந்தது அதற்குப் பிறகு, லென்ஸுக்கும் சென்சருக்கும் இடையில். சுவரில் டோர்ச் அடித்துக்கொண்டு பின்னால் நகருங்கள். வட்டம் பெரிதாகும், வெளிச்சம் மங்கும். கிட்டவாக எடுக்க லென்ஸ் சென்சரை விட்டு முன்னே நகரும்போதும் அதுவே நடக்கிறது. உருவம் பெரிதாகப் பெரிதாக அதே ஒளி அதிக இடத்தில் பரவுகிறது. கையிலிருக்கும் மீற்றருக்கு உங்கள் லென்ஸின் சங்கதி எப்படித் தெரியும்? ஆடத் தெரியாதவன் மேடை கோணல் என்றானாம்!

கணக்கும் சின்னதுதான். உருப்பெருக்கத்தோடு ஒன்றைக் கூட்டி வர்க்கமாக்குங்கள். சென்சரில் விழும் உருவம் பொருளின் அளவேயானால், அதாவது 1:1 என்றால், நான்கு மடங்கு ஒளி வேண்டும்: இரண்டு ஸ்டொப். பாதி அளவென்றால் 2.25 மடங்கு: ஒரு ஸ்டொப்பும் கொஞ்சமும். உருப்பெருக்கத்தை அறிய ஒரு அடிமட்டம் போதும். முழுச் சட்டக் கமராவில் படத்தின் அகலத்துக்குள் 36 மில்லிமீற்றர் தெரிந்தால் 1:1, 72 தெரிந்தால் பாதி. தம்பியின் படம் ஏறக்குறைய 1:1, அதனால் இரண்டு ஸ்டொப் திறந்து எஃப் 8 வைக்கச் சொன்னேன். அடுத்த படத்தில் சோழியின் பற்களை எண்ணலாம் போலிருந்தது.

ஒரு எச்சரிக்கை. நிக்கோன் கமராக்கள் தமது மைக்ரோ லென்ஸுடன் இந்த இழப்பைச் சேர்த்தே எஃப் எண்ணைக் காட்டும். அங்கே மறுபடி திறந்தால் படம் வெளிறிவிடும். கனனின் 100 மில்லிமீற்றர் ஈ.எஃப். மக்ரோ அப்படிக் காட்டாது, நீங்களேதான் திறக்க வேண்டும்.

மீற்றரைப் பிடிக்கும் இடமும் முக்கியம். பிளாஷ் சோழிக்கு 20 சென்ரிமீற்றரில் இருக்க, மீற்றரின் வெள்ளைக் குமிழை பிளாஷை நோக்கி ஐந்து சென்ரிமீற்றர் முன்னே பிடித்தாலே ஏறக்குறைய ஒரு ஸ்டொப் பிழைக்கும். சோழியை எடுத்துவிட்டு அது இருந்த இடத்திலேயே குமிழை வையுங்கள்.

மற்றக் கதைகள், சுருக்கமாக:

"எந்த மீற்றரும் பிளாஷை அளக்கும்." அளக்காது. செக்கோனிக் எல்-398 போன்ற ஊசி மீற்றர்கள் தொடர்ந்து எரியும் வெளிச்சத்துக்கு மட்டுமே. எல்-308 பிளாஷையும் அளக்கும்.

"ஷட்டர் வேகத்தைக் கூட்டினால் பிளாஷ் வெளிச்சம் குறையும்." ஒத்திசைவு வேகத்துக்குள் குறையாது. பிளாஷ் மின்னி மறைவது ஷட்டர் திறந்திருக்கும் நேரத்துக்குள்தான்.

"பிளாஷ் ரீ.ரீ.எல்.லில் இருந்தாலும் அளக்கலாம்." மீற்றர் முன்மின்னலையே பிடித்துக்கொள்ளும். பிளாஷை மனுவலில் வையுங்கள்.

"குளோஸ்-அப் பில்டருக்கும் கூட்ட வேண்டும்." தேவையில்லை. அது லென்ஸை முன்னே தள்ளுவதில்லை.

"கமராத் திரையைப் பார்த்தால் போதும்." நிலாவெளி வெயிலில் நின்று திரையை நம்புகிறவர் வீட்டுக்கு வந்துதான் பிழையைக் காண்பார்.

கடைசியாக, எனக்கு மனம் பொறுக்காத ஒன்று. அந்தச் சோழி எங்கே கிடைத்தது என்று கேட்டேன். புறாமலையில் உயிரோடு எடுத்ததாம். 2003 முதல் அது தேசியப் பூங்கா. அங்கிருந்து உயிருள்ளதோ செத்ததோ, முருகைக்கல் துண்டோ, எதையும் எடுத்துவரக் கூடாது. படம் பழகச் சோழியே வேண்டுமென்றில்லை. மீன் சந்தையில் ஒரு இறாலை வாங்குங்கள். அதன் கண்ணும் மீசையும் போதிய பாடம் சொல்லித்தரும், முடிந்ததும் கறிக்கும் ஆகும். மீற்றரைப் பெட்டியிலிருந்து வெளியே எடுங்கள், பிள்ளைகளே. சோழியைக் கடலிலேயே விடுங்கள்.