வீட்டில் கிடைக்காதது எது?

ஞாயிற்றுக்கிழமை இரவு எட்டரை மணிக்கு மதுரையிலோ கோவையிலோ ஏதாவதொரு ஏசி சைவ ஓட்டலுக்குள் நுழைந்து பாருங்கள். எந்த மேசையைக் கவனித்தாலும் ஆர்டர் ஒன்றுதான். முதலில் சூப். பிறகு கோபி 65 அல்லது கோபி மஞ்சூரியன். அடுத்து பட்டர் நான், பனீர் பட்டர் மசாலா. நடுவில் எல்லாருக்கும் பொதுவாக ஒரு ஃப்ரைட் ரைஸ். கடைசியில் ஐஸ்கிரீம். எழுதாமலே சர்வர் கொண்டுவந்து வைத்துவிடலாம். ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் பாட்டி தயங்கித் தயங்கி இட்லி கேட்பார். "இட்லி சாப்பிடவா இவ்வளவு தூரம் வந்தோம்? வீட்ல கிடைக்காததா ஏதாவது சொல்லும்மா" என்பார் மகன். பாட்டியும் கால் துண்டு நானைப் பிய்த்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

சில வருடங்கள் ஒரு ஓட்டல் கல்லாவில் உட்கார்ந்து இந்தக் கூத்தைத் தினமும் பார்த்தவன் நான். யாருக்கு என்ன பசி, யாருக்கு எது ஒத்துக்கொள்ளும் என்று யாரும் யோசித்து ஆர்டர் கொடுப்பதாக எனக்குத் தோன்றியதில்லை. பக்கத்து மேசையில் புகைந்துகொண்டு போகும் சிஸ்லரைப் பார்த்து ஒரு ஆர்டர், பிள்ளையின் அழுகைக்கு ஒரு ஆர்டர், கூட வந்த மைத்துனர் குடும்பம் நம்மைக் கஞ்சம் என்று நினைத்துவிடக் கூடாதே என்று ஒரு ஆர்டர்.

வருடத்துக்கு நாலு தடவை மட்டும் வெளியே சாப்பிடும் குடும்பமென்றால் இதை இத்துடன் நிறுத்திவிட்டு, பிடித்ததைச் சாப்பிட்டுக்கொள்ளலாம். ஒரு கெடுதலும் வராது. வாரா வாரம் போகிறவர்களுக்கும், நடுவில் இரண்டு நாள் செல்போனில் ஆர்டர் போடுகிறவர்களுக்கும்தான் இந்த யோசனை. சென்னையைச் சேர்ந்த நீரிழிவு ஆய்வு நிறுவனமும் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் நாடு முழுவதும் நடத்தி 2023இல் வெளியிட்ட ஆய்வில், இந்தியாவில் 10 கோடிக்கும் அதிகமானவர்களுக்குச் சர்க்கரை நோய் இருப்பதாகக் கணக்கு வந்தது. அதன் விளிம்பில் நிற்பவர்கள் இன்னும் 13 கோடிக்கு மேல். ஐந்து பேர் உட்காரும் மேசையில் ஒருவராவது இந்தக் கணக்கில் இருப்பார் என்று வைத்துக்கொண்டே யோசிப்பது நல்லது.

எல்லாருக்கும் தெரிந்ததைச் சீக்கிரம் சொல்லி முடிக்கிறேன். டிபன் ஓட்டலில் ஆவியில் வெந்தது நல்லது, கல்தோசை பரவாயில்லை, ரோஸ்ட் எப்போதாவது. இட்லியும் இடியாப்பமும் யாரையும் கெடுத்ததில்லை. கெடுப்பதெல்லாம் கூட வருகிற வடையும், கேட்காமலே மேலே ஊற்றுகிற நெய்யும்தான். "நெய் ஊத்தாதீங்க" என்று முன்னாடியே சொல்லிவிட்டால் மாஸ்டர் கோபித்துக்கொள்ள மாட்டார். அவருக்கு அது மிச்சம். பரோட்டாவைப் பற்றிப் புதிதாகச் சொல்ல ஒன்றுமில்லை. மைதா, எண்ணெய், சால்னா. சாப்பிடுகிறவர் தெரிந்தே சாப்பிடுகிறார், அந்த நேர்மை எனக்குப் பிடிக்கும். பிரியாணியில் சோறு மலையாக இருக்கும், கறி இரண்டு துண்டு இருக்கும். இரண்டு பேருக்கு ஒரு பிரியாணி வாங்கி, மிச்சக் காசுக்கு அவித்த முட்டையோ தனியாக ஒரு சுக்காவோ வாங்கிக்கொண்டால் கணக்குச் சரியாகிவிடும். ஷவர்மா வாங்குகிறவர்கள் மயோனைஸைக் கவனிக்க வேண்டும். பச்சை முட்டையில் செய்கிற மயோனைஸைத் தமிழக அரசு 2025 ஏப்ரலில் ஓராண்டுக்குத் தடை செய்ததே அதில் கிருமி சுலபமாக வளரும் என்பதால்தான்.

பர்கர், பீட்சா சங்கிலிக் கடைகளில் ஒரு வசதி உண்டு. பத்து இடங்களிலோ அதற்கு மேலோ கிளை வைத்திருப்பவர்கள் ஒவ்வொரு பண்டத்துக்கும் எத்தனை கலோரி என்று மெனுவிலேயே போட வேண்டுமென்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதி 2022 முதல் இருக்கிறது. பொடி எழுத்தில்தான் இருக்கும், ஆனாலும் இருக்கும். சாதாரணமாக வேலை செய்யும் ஒரு பெரிய ஆளுக்கு நாள் முழுவதற்கும் 2,000 கலோரி என்ற அளவை மனதில் வைத்துக்கொண்டு அந்த எண்களைப் படித்தால் போதும். பிள்ளையை அங்கே கெடுப்பது பர்கரைவிட காம்போவில் ஒட்டிக்கொண்டு வரும் கோலாதான். 300 மில்லி கோலாவில் சுமார் 30 கிராம் சர்க்கரை இருக்கிறது. ஹைதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்கே 25 கிராமைத் தாண்ட வேண்டாம் என்கிறது.

இனி நானுக்கு வருகிறேன். இங்கே கொஞ்சம் நின்று பேச வேண்டியிருக்கிறது. பரோட்டாவைக் கண்டால் முகம் சுளிக்கிற குடும்பங்கள் நானைக் கண்டால் மலர்ந்துவிடுகின்றன. "சப்பாத்தி மாதிரிதானே, எண்ணெய்கூட இல்லையே" என்று பல அம்மாக்கள் சொல்லக் கேட்டிருக்கிறேன். நானும் மைதாதான். பரோட்டா மாவு எண்ணெயில் ஊறுகிறது, நான் மாவு தயிரிலும் சோடாவிலும் ஊறுகிறது. வெந்து வந்ததும் மேலே வெண்ணெய் தடவுகிறார்கள். பரோட்டாவுக்கு இருக்கிற கெட்ட பெயர் நானுக்கு இல்லாததற்குக் காரணம், அது ஏசி ஹாலில் கிடைக்கிறது, விலை அதிகம் என்பதைத் தவிர வேறொன்றும் எனக்குத் தெரியவில்லை.

அதற்குத் தொட்டுக்கொள்ளும் கிரேவியின் கதையை அடுப்படிப் பக்கம் போனவர்கள் அறிவார்கள். மெனு கார்டில் கடாய் பனீர், பனீர் பட்டர் மசாலா, காளான் மசாலா, வெஜ் கோலாப்பூரி, மலாய் கோஃப்தா என்று இருபது பெயர் இருக்கும். உள்ளே இருப்பவை இரண்டு மூன்று பாத்திரங்கள்தான். வெங்காயமும் தக்காளியும் முந்திரியும் வேகவைத்து அரைத்த சிவப்பு கிரேவி ஒன்று, தக்காளி இல்லாத வெள்ளை கிரேவி ஒன்று, வதக்கிய வெங்காயத்தில் செய்தது ஒன்று. காலையிலேயே தயாராகி குளிர்பெட்டியில் உட்கார்ந்திருக்கும். ஆர்டர் வந்ததும் கரண்டியால் எடுத்து, வெண்ணெயைப் போட்டு, கிரீமைச் சுற்றி ஊற்றி, பெயருக்கு ஏற்ற காயையோ பனீரையோ தள்ளி இறக்குவார்கள். தக்காளிப் புளிப்பை அடக்கச் சர்க்கரையும் சேரும். பிள்ளைகள் அதை விரும்புவதன் ரகசியம் அந்த இனிப்புதான். வீட்டில் காரக்குழம்பைத் தொடாத பையன் இங்கே கிண்ணத்தை வழித்து நக்குகிறான் என்று பெற்றோர் பூரித்துப் போகிறார்கள்.

"பனீர் புரோட்டீன்தானே சார்?" என்று கேட்பார்கள். புரோட்டீன்தான், மறுக்கவில்லை. ஒரு கிண்ணத்தில் எத்தனை துண்டு இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். ஆறோ எட்டோ இருக்கும். நாலு பேருக்குப் பங்கிட்டால் ஆளுக்கு இரண்டு துண்டு. மீதியெல்லாம் முந்திரியும் வெண்ணெயும். இதில் பாலைத் திரித்துச் செய்யாமல் தாவர எண்ணெயைக் கலந்து பனீர் மாதிரியே செய்கிற சரக்கும் சந்தையில் உண்டு. பொட்டலத்தில் அதைச் சொல்ல வேண்டும் என்று விதி இருக்கிறது. பொட்டலம் அடுப்படியில் இருக்கிறது, நீங்கள் மேசையில் இருக்கிறீர்கள். பஞ்சாபிகளைக் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். அவர்கள் வீட்டில் தினம் சாப்பிடுவது ரொட்டியும் பருப்பும் கீரையும் தயிரும்தான். நாம் பஞ்சாபி சாப்பாடு என்று நினைத்துக்கொண்டிருப்பது அவர்கள் கல்யாண வீட்டு விருந்தின் நகல்.

முன்னால் வரும் கோபியையும் விட்டுவிட முடியாது. பூக்கோசு என்ற பெயரில் காய்கறிக் கணக்கில் சேர்த்துக்கொள்கிறோம். மைதாவும் கார்ன்ஃப்ளாரும் கரைத்த மாவில் முக்கி ஒரு முறை பொரித்து, சாஸும் எண்ணெயும் விட்டு இன்னொரு முறை புரட்டியெடுத்த பிறகு அதில் காய் எங்கே இருக்கிறது? அந்தச் செக்கச் செவேல் நிறத்துக்காகச் செயற்கை வண்ணம் சேர்ப்பதைக் கர்நாடக அரசு 2024 மார்ச்சில் தடை செய்தது. அதற்கு முந்தைய மாதம்தான் தமிழ்நாட்டில் பஞ்சுமிட்டாயில் துணிச்சாயமான ரோடமின்-பி இருப்பதைக் கண்டுபிடித்துத் தடை போட்டார்கள். பொரிக்கிற எண்ணெய்க்கும் சட்டம் இருக்கிறது. திரும்பத் திரும்பக் காய்ச்சும்போது உண்டாகிற கழிவுப் பொருட்கள் 25 சதவீதத்தைத் தாண்டினால் அந்த எண்ணெயைக் கொட்ட வேண்டும் என்பது 2018 ஜூலையிலிருந்து விதி. இரவு ஒன்பது மணிக்கு, கூட்டம் வெளியே வரிசையில் நிற்கும்போது, எந்த மாஸ்டர் சட்டியை மாற்றுவார் என்று என்னைக் கேட்காதீர்கள். மாற்றுகிறவர்களும் உண்டு.

சூப்பைப் பற்றி ஒரு வரி: பெயர் எதுவானாலும் கெட்டியாக இருந்தால் கார்ன்ஃப்ளார், தெளிவாக இருந்தால் குடிக்கலாம்.

அப்படியும் வடக்கத்தி சாப்பாடுதான் வேண்டுமென்றால், நானுக்குப் பதில் வெண்ணெய் தடவாத தந்தூரி ரொட்டியோ புல்காவோ கேளுங்கள். கோதுமையா, மைதா கலந்ததா என்றும் கேளுங்கள்; உண்மையைச் சொல்கிற சர்வர்கள் இருக்கிறார்கள். தொட்டுக்கொள்ள ஒரு தால், நாலு பேருக்கு ஒரே ஒரு கிரேவி. கோபிக்குப் பதில் வெள்ளரி, வெங்காயம், கேரட் அப்போதே நறுக்கித் தரச் சொல்லுங்கள்.

என்னுடைய கட்சி எது என்று இதற்குள் தெரிந்திருக்கும். நான் சரக்கு மாஸ்டர் கட்சி. சாம்பார், ரசம், கூட்டு, பொரியல் வைக்கிற மனிதருக்கு எங்கள் ஓட்டலில் சைனீஸ் மாஸ்டரைவிடச் சம்பளம் குறைவு, மரியாதை அதைவிடக் குறைவு. விடிவதற்கு முன்னால் வந்து காய் நறுக்குகிறவர் அவர்தான். அதனால் நான் கொஞ்சம் சாய்ந்து பேசலாம், தள்ளுபடி செய்துகொள்ளுங்கள். ஆனாலும் அந்த மகன் சொன்னாரே, வீட்டில் கிடைக்காததைச் சாப்பிட வேண்டும் என்று, அதையே எடுத்துக்கொள்வோம். கணவனும் மனைவியும் வேலைக்குப் போகிற வீட்டில் இன்றைக்குக் கிடைக்காதது எது? வாழைத்தண்டை நார் எடுத்து நறுக்க யாருக்கு நேரம் இருக்கிறது? வாழைப்பூவை ஆய்வது யார்? கீரை, கூட்டு, பொரியல், சாம்பார், ரசம், மோர் எல்லாம் ஒரே வேளையில் இலையில் விழுவது எத்தனை வீட்டில் நடக்கிறது? தோசை மாவு பாக்கெட்டில் வருகிறது, பனீர் பட்டர் மசாலாவும் உறைபெட்டிப் பாக்கெட்டில் வருகிறது. நல்ல மெஸ்ஸின் மதியச் சாப்பாடுதான் வீட்டில் கிடைப்பதில்லை.

ஆகவே முடிந்தவரை இரவை விட்டுவிட்டு மதியத்தில் வெளியே போங்கள். காய்கறி அன்று காலையில் வெந்திருக்கும், சாப்பிட்ட பிறகு நடமாடப் பாதி நாள் மிச்சமிருக்கும், பில்லும் பாதியாகும். மெனு நீளமாக இருக்கிற இடத்தைவிட, 'இன்றைய பொரியல்' என்று கரும்பலகையில் எழுதிப் போடுகிற இடம் நல்லது. முழுச் சாப்பாட்டைவிட அளவுச் சாப்பாடு போதும். எத்தனை தடவை வேண்டுமானாலும் என்று சொல்கிற இடங்களில் உண்மையில் திரும்பத் திரும்ப வருவது சோற்று வாளிதான், பொரியல் வாளி ஓடிவிடும். சோறு விழுவதற்கு முன்பே பொரியலையும் கூட்டையும் இரண்டாவது முறை கேட்டு வாங்கிவிடுங்கள். அப்பளமும் ஊறுகாயும்தான் இந்தச் சாப்பாட்டின் பலவீனம். நாளுக்கு 5 கிராம் உப்பு என்பதுதான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பு. ரத்தக் கொதிப்பு உள்ளவர் ஊறுகாயைத் தொடாமல் இருந்தாலே பாதிப் போர் முடிந்தது. பஃபே பற்றிக் கேட்டால், கொடுத்த காசுக்கு வயிற்றைத் தண்டிக்கிற ஏற்பாடு என்பேன்.

சிறுதானியப் பலகை மாட்டிய கடைகளையும் கண்ணை மூடிக்கொண்டு நம்ப வேண்டாம். கம்பு தோசையில் சீஸும் நெய்யும் போட்டால் கம்பு என்ன செய்யும், பாவம்.

எந்த ஓட்டலானாலும் ஒன்று வேண்டும், பொறுமை. உட்கார்ந்த ஐந்து நிமிடத்தில் வருவதெல்லாம் ஏற்கெனவே செய்து வைத்தது. கல்தோசைக்கும் ஆப்பத்துக்கும் அவரவர் முறை வரக் காத்திருக்கத்தான் வேண்டும். அந்த நேரத்தில் சூப்பும் கோபியும் சொல்லிப் பசியை அணைக்கிற வழக்கம்தான் மொத்தத்தையும் கெடுக்கிறது. எல்லாவற்றையும் ஒரே மூச்சில் ஆர்டர் செய்யாமல், முதலில் பாதி சொல்லி, சாப்பிட்டபின் வேண்டுமா என்று பார்ப்பது நல்லது. சர்க்கரைக்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்கிறவர்கள் வீட்டிலேயே எடுத்துக்கொண்டு கிளம்பி, ஓட்டலில் முக்கால் மணி நேரம் காத்திருப்பதை நான் பார்த்திருக்கிறேன். சர்க்கரை இறங்கி மயக்கம் வருவது அப்படித்தான். எப்போது எடுத்துக்கொள்வது என்பதை டாக்டரிடம் முன்பே கேட்டு வைத்துக்கொண்டு, சாப்பாடு மேசைக்கு வரும் நேரத்தோடு பொருத்திக்கொள்ள வேண்டும்.

ஒரே மேசையில் எல்லாருக்கும் ஒரே சாப்பாடு என்பதும் நியாயமில்லை. சாயங்காலம் முழுக்கப் பந்து விளையாடிவிட்டு வந்த பதினைந்து வயதுப் பையனின் வயிறு வேறு, நாள் பூரா நாற்காலியில் உட்கார்ந்திருந்த அப்பாவின் வயிறு வேறு. அவரவர் உடம்பு என்ன கேட்கிறது என்று தெரிந்துகொள்ளக் கொஞ்ச காலம் பிடிக்கும். பிள்ளைகளுக்கு இன்னும் அதிகம். புதிய காயை ஒரு குழந்தை ஏற்றுக்கொள்ளப் பத்துப் பன்னிரண்டு முறையாவது தட்டில் பார்த்திருக்க வேண்டும். இரண்டாவது முறையே "இவனுக்குப் பிடிக்காது" என்று முத்திரை குத்தி, பனீரைக் கொண்டுவரச் சொல்லிவிடுகிறோம்.

பிள்ளைக்கு எட்டு வயதாகிவிட்டால் மெனு கார்டை அவன் கையில் கொடுங்கள். இரண்டே நிபந்தனை சொல்லுங்கள்: பொரித்தது ஒன்றுக்கு மேல் கூடாது, குடிக்கத் தண்ணீரோ மோரோதான். மிச்சத்தை அவனே சர்வரிடம் சொல்லட்டும். அவன் அந்த ஒன்றாகக் கோபி மஞ்சூரியனையே சொன்னாலும் குறுக்கே பேசாமல் ஒரு தட்டு கொண்டுவரச் சொல்லி, நாலு பேரும் பங்கு போட்டுச் சாப்பிடுங்கள்.