தாயகப் பயணமும் தற்காலிக மருத்துவக் காப்புறுதியும்

பாடசாலை விடுமுறை தொடங்கியதும், நல்லூர்த் திருவிழாவையும் உறவினர் வீட்டுத் திருமணங்களையும் முன்னிட்டு ஒன்ராறியோவிலிருந்து இலங்கைக்கும் தமிழ்நாட்டுக்கும் செல்லும் குடும்பங்கள் பல. விமானச் சீட்டு, அன்பளிப்புப் பொருள்கள், பயணப் பொதியின் நிறை ஆகியவற்றுக்கு மாதக்கணக்கில் திட்டமிடும் இக்குடும்பங்களிற் சில, மருத்துவக் காப்புறுதியைப் புறப்படுவதற்கு முந்திய நாள் வரை நினைப்பதில்லை. பிறந்து வளர்ந்த ஊருக்குத்தானே செல்கிறோம், அங்கு நோயுற்றால் பார்க்க ஆள் இல்லையா என்னும் எண்ணமே இதற்குக் காரணம். பார்க்க ஆள் உண்டு. கட்டணத்தைச் செலுத்துவது யார் என்பதே கேள்வி.

ஓஹிப் எனப்படும் ஒன்ராறியோ சுகாதாரக் காப்புறுதித் திட்டம் வெளிநாட்டிலும் தம்மைக் காக்கும் என்று நம்புவோர் உளர். இந்நம்பிக்கை முழுவதும் தவறன்று, ஆயினும் ஆபத்தானது. வெளிநாட்டில் எதிர்பாராது ஏற்பட்டு உடனடிச் சிகிச்சை வேண்டும் நோய் அல்லது காயத்துக்கு மட்டுமே இத்திட்டம் ஓரளவு பணம் வழங்குகிறது. தீவிர சிகிச்சைப் பிரிவு போன்ற உயர்நிலைப் பராமரிப்புக்கு நாளொன்றுக்கு அதிகபட்சம் 400 கனடிய டொலர். சாதாரண விடுதியில் தங்கிச் சிகிச்சை பெற்றால் 200 டொலர். தங்காமல் பெறும் அவசர சிகிச்சைக்கு 50 டொலர். கொழும்பிலுள்ள தனியார் வைத்தியசாலை ஒன்றில் மாரடைப்புக்காக ஆறு நாள்கள் தங்கிய ஒருவர், அவற்றுள் இரண்டு நாள்களைத் தீவிர சிகிச்சைப் பிரிவிற் கழித்தார் எனக் கொள்வோம். வைத்தியசாலைக் கட்டணமாக அவருக்குக் கிடைக்கக்கூடியது 1,600 டொலருக்கு மேற்படாது. அங்குள்ள மருந்தகத்தில் வாங்கிய மருந்துக்கும், மருத்துவ வசதியுடன் கனடாவுக்குத் திருப்பி அழைத்து வரும் செலவுக்கும் ஓஹிப் எதுவும் வழங்குவதில்லை. கனடிய அரசும் வெளிநாட்டு மருத்துவக் கட்டணங்களைச் செலுத்துவதில்லை.

இலங்கையின் அரச வைத்தியசாலைகளில் அந்நாட்டுக் குடிமக்களுக்குச் சிகிச்சை இலவசம். 1990 என்னும் இலக்கத்தை அழைத்தால் ‘சுவசெரிய’ நோயாளர் காவு வண்டி கட்டணமின்றி வரும். தமிழ்நாட்டில் அதற்கான இலக்கம் 108. இவ்விலக்கங்களைப் பயணத்துக்கு முன்பே கைப்பேசியிற் பதிந்துகொள்வது நன்று. எனினும் வெளிநாட்டிலிருந்து வந்தவரை உறவினர் பெரும்பாலும் தனியார் வைத்தியசாலைக்கே அழைத்துச் செல்வர். அங்கு அனுமதிக்கும்போதே முற்பணம் கேட்கப்படுவது வழமை. நள்ளிரவில் அந்தப் பணத்தைத் திரட்டும் பொறுப்பு ஊரிலுள்ள தம்பியின் மேலோ மைத்துனரின் மேலோ விழுகிறது.

ஆகவே தற்காலிகப் பயண மருத்துவக் காப்புறுதி தேவைப்படுகிறது. இதனை ஒன்ராறியோவை விட்டுப் புறப்படுமுன் பெறுதல் வேண்டும். ஒருமுறைப் பயணத்துக்கான காப்புறுதி, புறப்படும் நாள் முதல் திரும்பும் நாள் வரை செல்லுபடியாகும். ஆண்டு முழுவதற்குமான பலமுறைப் பயணக் காப்புறுதி மலிவாகத் தோன்றினும், ஒவ்வொரு பயணத்துக்கும் 15 அல்லது 30 நாள்கள் என்னும் எல்லை அதில் இருக்கலாம். ஆறு வாரம் ஊரில் தங்குவோருக்கு அது போதாது. கடனட்டையுடன் வரும் காப்புறுதியும் இவ்வாறே. பல அட்டைகளில் 65 வயதைக் கடந்தோருக்குப் பாதுகாப்பு மிகச் சில நாள்களுக்கே உண்டு, அல்லது இல்லவே இல்லை.

பெரும்பாலான சிக்கல்கள் எழும் இடம், முன்பே உள்ள நோய்கள் பற்றிய விதியாகும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இதய நோய் ஆகியன நம்மவரிடையே பரவலாக உள்ளமையால் இதனை நிதானமாக வாசிக்க வேண்டும். ஒரு நோய் புறப்படுவதற்கு முந்திய குறிப்பிட்ட காலம் மாற்றமின்றி நிலையாக இருந்தால் மட்டுமே அந்நோய் சார்ந்த செலவைக் காப்புறுதி ஏற்கும். அக்காலம் ஒப்பந்தத்துக்கு ஒப்பந்தம் வேறுபடும். 90 நாள்களும் 180 நாள்களும் பரவலாகக் காணப்படுவன. ‘நிலையாக’ என்னும் சொல்லுக்கு நாள்தோறும் நாம் கொள்ளும் பொருளும் காப்புறுதி ஒப்பந்தம் தரும் பொருளும் ஒன்றல்ல. பயணத்துக்கு ஆறு வாரங்களுக்கு முன், 68 வயதுள்ள ஒரு தாயாரின் இரத்த அழுத்தக் குளிசையைக் குடும்ப வைத்தியர் 5 மில்லிகிராமிலிருந்து 10 மில்லிகிராமாக உயர்த்தினார் எனக் கொள்வோம். தாயார் நலமாகவே இருக்கிறார், அழுத்தமும் சீராகிவிட்டது. ஆயினும் 90 நாள் விதியின்படி அவரது நோய் நிலையானதன்று. யாழ்ப்பாணத்தில் அவருக்குப் பாரிசவாதம் ஏற்பட்டால், கட்டுப்பணத்தை ஒழுங்காகச் செலுத்தியிருந்தும் கோரிக்கை மறுக்கப்படலாம். மருந்தின் அளவைக் குறைப்பதுங்கூடப் பல ஒப்பந்தங்களில் மாற்றமாகவே கொள்ளப்படும். முடிவு வராத பரிசோதனையும், காத்திருக்கும் சிறப்பு வைத்தியர் சந்திப்பும் அவ்வாறே.

இதற்குப் பரிகாரம் நோயை மறைப்பதன்று. மருத்துவ வினாக்கொத்தில் ‘இல்லை’ என்று தவறாகக் குறித்த ஒரு விடை, அந்நோய்க்குத் தொடர்பற்ற கோரிக்கையையும் பாதித்து, ஒப்பந்தத்தையே செல்லாததாக்கக்கூடும். பெற்றோருக்காகப் பிள்ளைகள் தொலைபேசியில் விடையளிக்கும் வீடுகளில் இத்தவறு எளிதாக நேர்கிறது. தந்தை உட்கொள்ளும் குளிசைகள் எவை என்பது மகனுக்கு முழுமையாகத் தெரிவதில்லை. மருந்தகத்திலிருந்து மருந்துப் பட்டியலைப் பெற்று, குடும்ப வைத்தியருடன் அமர்ந்து வினாக்கொத்தை நிரப்புவதே பாதுகாப்பான வழி. குறுகிய நிலைத்தன்மைக் காலம் உள்ள ஒப்பந்தத்தைக் கூடுதல் கட்டுப்பணத்துக்குப் பெற முடியுமா என்று முகவரிடம் கேட்கலாம். காப்புறுதியை வாங்கிய பின், புறப்படுமுன் மருந்து மாறினால், அதனையும் நிறுவனத்துக்கு உடனே அறிவித்தல் வேண்டும்.

கனடிய அரசின் பயண அறிவுறுத்தலையும் பார்க்க வேண்டும். ஓரிடத்துக்குச் செல்வதைத் தவிர்க்குமாறு புறப்படுமுன்னரே அறிவித்திருந்தால், அங்கு நேர்வனவற்றைப் பல ஒப்பந்தங்கள் ஏற்பதில்லை.

நீண்ட காலம் தங்குவோர் இன்னொன்றையும் கணக்கிட வேண்டும். ஓஹிப் தகுதியைத் தக்கவைக்க, எந்தப் பன்னிரண்டு மாதக் காலத்திலும் குறைந்தது 153 நாள்கள் ஒன்ராறியோவில் இருத்தல் வேண்டும். அதாவது 212 நாள்கள் வரை வெளியே இருக்கலாம். பேரப்பிள்ளையைப் பார்க்கச் சென்று எட்டு மாதம் தங்கிவிடும் மூத்தோர் இவ்வெல்லையைக் கடந்துவிடுவர். அதற்கு மேல் தங்க எண்ணுவோர் புறப்படுமுன் சேர்விஸ் ஒன்ராறியோ அலுவலகத்திற் கேட்டறிதல் நன்று. மூத்தோருக்கான மருந்து உதவித் திட்டத்தில் உள்ளோர் 100 முதல் 200 நாள்கள் வெளியே இருப்பாராயின், பயணத்தை உறுதிப்படுத்தும் கடிதத்தையோ காப்புறுதிப் பத்திரப் பிரதியையோ மருந்தகத்திற் காட்டி, வழமையான 100 நாள் மருந்துடன் மேலும் 100 நாள் வரையிலான மருந்தைப் பெறலாம். மருந்துகளை அவற்றின் பெயர்ச்சீட்டு ஒட்டிய புட்டிகளிலேயே, கைப்பையில் கொண்டு செல்ல வேண்டும்.

ஊரில் நோயுற்றால், இயன்றவரை வைத்தியசாலையில் அனுமதிக்கப்படுமுன் காப்புறுதி நிறுவனத்தின் உதவி இலக்கத்தை அழைக்க வேண்டும். அழைக்காது பெறும் சிகிச்சைக்கு இழப்பீடு குறைக்கப்படலாம். ஆகையால் அவ்விலக்கமும் பத்திர இலக்கமும் நோயாளியிடம் மட்டுமன்றி, உடன் தங்கும் உறவினரிடமும் இருத்தல் வேண்டும். மயங்கியவரால் தொலைபேசியைத் திறக்க இயலாது. விவரமான மூலப் பற்றுச்சீட்டுகள், நோய் நிர்ணய அறிக்கை, பணம் செலுத்தியமைக்கான சான்று ஆகியவற்றை வைத்தியசாலையை விட்டு வெளியேறும் அன்றே பெறுவது எளிது. கனடா திரும்பிய பின் அவற்றைத் தருவிப்பது பெரும்பாடு. ஓஹிப் கோரிக்கையைச் சிகிச்சை பெற்ற 12 மாதங்களுக்குள் சமர்ப்பித்தல் வேண்டும்.

கோரிக்கை மறுக்கப்பட்டால், மறுப்புக்கான காரணத்தை எழுத்திற் கேட்டு, முதலில் நிறுவனத்தின் உள்ளக முறைப்பாட்டுப் பிரிவுக்கு எழுத வேண்டும். அங்கும் தீர்வு கிடைக்காதவிடத்து, ஆயுள் மற்றும் சுகாதாரக் காப்புறுதிக்கான ஒம்புட்ஸ்மன் சேவை கட்டணம் எதுவுமின்றி முறைப்பாட்டை ஆராயும். நிறுவனத்தின் இறுதி நிலைப்பாட்டுக் கடிதத்தையும் காப்புறுதிப் பத்திரத்தின் பிரதியையும் அவ்விண்ணப்பத்துடன் இணைக்க வேண்டும்.